பேட்டரியைத் திட்டுவதற்கு முன் வாட்டைப் பாருங்கள்

ஸ்டீம் டெக் வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே பேட்டரிக்கு வந்துவிடும். ஒருவருக்கு ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. இன்னொருவருக்கு இரண்டு மணி நேரத்திலேயே சார்ஜரைத் தேட வேண்டியிருக்கிறது. இருவர் சொல்வதும் உண்மைதான்.

வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தக் கையடக்கக் கணினி, ஆர்ச் லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட ஸ்டீம் ஓஎஸ்ஸில் இயங்குகிறது. முதலில் வந்த எல்சிடி மாடலில் இருப்பது 40 வாட்-மணி பேட்டரி. 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாடலில் 50. எல்சிடி மாடல் 2 முதல் 8 மணி நேரம் வரை, ஓஎல்இடி 3 முதல் 12 மணி நேரம் வரை தாங்கும் என்று நிறுவனமே சொன்னது. இத்தனை பெரிய இடைவெளிக்குக் காரணம் எளிய வகுத்தல் கணக்கு. கணினி மொத்தமாக 20 வாட் இழுத்தால் 40 வாட்-மணி பேட்டரி 2 மணி நேரத்தில் காலி. 8 வாட் இழுத்தால் 5 மணி நேரம் வரும்.

அதனால் பிரச்சினையைத் தேடுபவர் பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, வாட்டை. வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளி பொத்தானை அழுத்தி, பேட்டரி படம் போட்ட பகுதிக்குப் போய், பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லேயைக் கூட்டி வையுங்கள். பேட்டரியிலிருந்து அந்த நொடியில் எத்தனை வாட் போகிறது என்பது திரை ஓரத்தில் ஓடும். விளையாட்டின் மெனுவில் சும்மா நிற்கும்போதே அது 20-ஐத் தொட்டால், பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. கட்டுப்பாடு இல்லாத ஃபிரேம் வேகம்தான் மின்சாரத்தைக் குடிக்கிறது.

அதைக் கட்டுப்படுத்தும் வசதியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பலரும் நொடிக்கு 60 ஃபிரேமிலிருந்து நேராக 30-க்கு இறக்கிப் பார்த்து, படம் திக்குகிறது என்று மனம் வெறுத்துவிடுகிறார்கள். 40-இல் நிறுத்திப் பாருங்கள். 60-இல் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடி, 30-இல் 33.3, 40-இல் 25. நேரக் கணக்கில் 40 என்பது இரண்டுக்கும் சரிநடு. அதனால்தான் கண்ணுக்கு அது 30-ஐவிடச் சீராகத் தெரிகிறது.

அடுத்தது டிடிபி வரம்பு, அதாவது சிப்புக்குத் தரும் மின் உச்சவரம்பு. வழக்கமாக அது 15 வாட். சிப்பின் வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்னழுத்தம் கூடினால் செலவு அதன் வர்க்கத்தில் ஏறும். ஆகவே உச்சத்தில் கடைசியாகக் கிடைக்கும் கொஞ்ச வேகத்துக்குத்தான் விலை அதிகம். எளிய இருபரிமாண விளையாட்டுக்கு 5 வாட்டே போதும். இந்த அமைப்பை ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாகச் சேமிக்கலாம். என் பார்வையில், டெக்கில் இருப்பதிலேயே உருப்படியான வசதி இதுதான்.

டெஸ்க்டாப் மோடில் கதை வேறு. அங்கே சாதாரண லினக்ஸ் கணினிக்கு உள்ள நோய்கள் எல்லாம் வரும். பிரவுசரில் காணொளி பார்க்கும்போது வன்பொருள் டிகோடிங் வேலை செய்யாவிட்டால், முழுச் சுமையும் சிபியூ தலையில் விழும். சிஸ்டம் மானிட்டரைத் திறந்து சிபியூ வரிசைப்படி அடுக்கினால் குற்றவாளி முதல் வரியில் நிற்பான்.

தூக்கத்தில் பேட்டரி வடிவதுதான் பலரைக் குழப்புகிறது. பவர் பொத்தானைத் தட்டினால் டெக் அணைவதில்லை, உறங்கத்தான் போகிறது. நினைவகத்தைக் காக்க அப்போதும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். ஓர் இரவில் கொஞ்சம் குறைவது இயல்பு. பாதி குறைந்திருந்தால் ஏதோ எழுப்பியிருக்கிறது. டெஸ்க்டாப் மோடில் கான்சோல் என்ற டெர்மினலைத் திறந்து ஜர்னல்சிடிஎல் கட்டளை கொடுத்து, லினக்ஸ் கெர்னல் எழுதி வைத்திருக்கும் 'சஸ்பெண்ட் என்ட்ரி', 'சஸ்பெண்ட் எக்ஸிட்' வரிகளைத் தேடுங்கள். எத்தனை மணிக்கு உறங்கியது, எத்தனை மணிக்கு விழித்தது என்று நேரத்துடன் இருக்கும். ஓஎல்இடி மாடலை ப்ளூடூத் கன்ட்ரோலரால் எழுப்ப முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். பைக்குள் கன்ட்ரோலரின் பொத்தான் ஏதாவது அழுந்தினால் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பேட்டரியையே சந்தேகிக்க வேண்டும். டெஸ்க்டாப் மோடில் இன்ஃபோ சென்டரின் எனர்ஜி பக்கத்தில், பேட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போது அது ஏற்கும் கொள்ளளவும் பதிவாகியிருக்கும். 40-க்கு 36 என்றால் பத்து சதவீதத் தேய்மானம், கவலை வேண்டாம். 28 என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கொள்ளளவு நன்றாக இருந்தும் 15 சதவீதத்திலிருந்து சட்டென்று அணைந்துவிடுகிறதா? அளவு காட்டும் சிப் தடம் மாறியிருக்கலாம். ஒருமுறை முழுதாக ஏற்றி, முழுதாக இறக்கி, மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எப்போதும் சார்ஜரிலேயே மாட்டி விளையாடுபவர்களுக்காக, 2025-இல் வந்த ஸ்டீம் ஓஎஸ் 3.7 பதிப்பில் சார்ஜ் வரம்பு வசதி சேர்க்கப்பட்டது. 80 சதவீதத்தில் நிறுத்தி வைத்தால் பேட்டரி மெதுவாகத் தேயும். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால், வால்யூம் கூட்டும் பொத்தானுடன் பவரை அழுத்தி பயாஸுக்குள் போய், பேட்டரி ஸ்டோரேஜ் மோடைப் போட்டுவிடுங்கள். மறுபடி சார்ஜரில் மாட்டினால் விழித்துக்கொள்ளும்.

பின்மூடி உப்பியிருந்தாலோ திரை ஓரம் மேலே தூக்கியிருந்தாலோ இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். பேட்டரி பசையால் ஒட்டப்பட்டது. கத்தியை வைத்து நீங்களே நெம்பாமல், பழுது நீக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.