பங்கு முதலீட்டில் அடிப்படைப் பகுப்பாய்வும் தொழில்நுட்பப் பகுப்பாய்வும்

அடிப்படைப் பகுப்பாய்வு, தொழில்நுட்பப் பகுப்பாய்வு என்பன எந்தப் பங்கை வாங்குவது, எப்போது வாங்குவது அல்லது விற்பது என்பதைத் தீர்மானிக்க முதலீட்டாளர்கள் பயன்படுத்தும் இரு முறைகள் ஆகும். முதலாவது நிறுவனத்தை ஆராய்கிறது. இரண்டாவது பங்கின் விலைப்போக்கை ஆராய்கிறது. ஒன்றின் குறையை மற்றது ஓரளவு ஈடுசெய்வதால் இவ்விரண்டும் இணைத்தும் பயன்படுத்தப்படுகின்றன.

அடிப்படைப் பகுப்பாய்வு

இலாபம், கடன், பணவோட்டம், நிர்வாகத்தின் தரம் ஆகியவற்றைக் கொண்டு பங்கின் உள்ளார்ந்த மதிப்பு கணிக்கப்படுகிறது. பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் ஆகியோர் 1934 இல் வெளியிட்ட நூல் இம்முறைக்கு அடித்தளமிட்டது. விலை-ஈட்ட விகிதம் இதன் பரவலான அளவுகோல்களுள் ஒன்று. ஒரு பங்கின் விலை 200 ரூபாய், பங்கொன்றிற்கான ஆண்டு ஈட்டம் 10 ரூபாய் எனில் இவ்விகிதம் 20 ஆகும். இதனை அதே துறையின் பிற நிறுவனங்களுடன் ஒப்பிடுவது வழக்கம்.

தொழில்நுட்பப் பகுப்பாய்வு

கடந்தகால விலை, வணிக அளவு ஆகியவற்றின் வரைபடங்களிலிருந்து விலையின் போக்கு கணிக்கப்படுகிறது. இதன் தொடக்கம் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சார்லஸ் டௌ எழுதிய கட்டுரைகளில் காணப்படுகிறது. விலை 200 நாள் நகரும் சராசரிக்கு மேல் நீடித்தால் ஏறுமுகம் எனவும், கீழே நீடித்தால் இறங்குமுகம் எனவும் பொதுவாகக் கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டுகள்

ஐதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் கணக்குகள் பொய்யாகப் புனையப்பட்டிருந்ததால், அவற்றை மட்டும் நம்பிய பகுப்பாய்வு பயனற்றுப் போனது. மேதாஸ் நிறுவனங்களை வாங்கும் திட்டம் கைவிடப்பட்டதைத் தொடர்ந்து 2008 திசம்பர் 17 அன்று பங்கு விலை சுமார் 30% சரிந்தது. மோசடியை நிறுவனர் இராமலிங்க ராஜு ஒப்புக்கொண்ட 2009 சனவரி 7 அன்று மேலும் சுமார் 78% வீழ்ந்தது. முதற்சரிவின்போதே விற்று வெளியேறியோர் பெரிய இழப்பைத் தவிர்த்தனர்.

1926 இல் கரூரில் தொடங்கப்பட்ட இலட்சுமி விலாஸ் வங்கி இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு. இவ்வங்கி 2017-18 முதல் மூன்று நிதியாண்டுகள் தொடர்ந்து நட்டமடைந்தது. 2019 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி இதன்மீது உடனடித் திருத்த நடவடிக்கையை அறிவித்தது. 2020 நவம்பர் 27 அன்று டிபிஎஸ் வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டபோது பங்கு மூலதனம் முழுவதும் நீக்கப்பட்டது. வைப்பாளர்களின் பணம் காக்கப்பட்டது. பங்குதாரர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. விலை வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதற்காகவே வாங்கியோரும் முழுத்தொகையை இழந்தனர். பங்கின் மதிப்பு சுழியமாகக்கூடும் என்பதை விலை வரைபடம் காட்டாது. நட்டக்கணக்கே அதனை உணர்த்தும்.

இணைத்துப் பயன்படுத்தல்

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க அடிப்படைப் பகுப்பாய்வும், வாங்கும் விற்கும் நேரத்தை முடிவுசெய்யத் தொழில்நுட்பப் பகுப்பாய்வும் பயன்படுகின்றன. நீண்டகால முதலீட்டில் முன்னதற்கும், குறுகியகால வணிகத்தில் பின்னதற்கும் முதன்மை தரப்படுகிறது. இரண்டும் முரண்படும்போது, அதாவது கணக்குகள் நன்றாக இருந்தும் விலை தொடர்ந்து சரியும்போது, காரணம் தெரியும்வரை புதிதாக வாங்காதிருப்பது பாதுகாப்பானது.

விமர்சனங்கள்

கிடைக்கும் தகவல்கள் அனைத்தும் விலையில் ஏற்கனவே அடங்கியுள்ளன என்பது யூஜின் ஃபாமா வகுத்த திறன்மிகு சந்தைக் கருதுகோள். இதன்படி இவ்விரு முறைகளாலும் சந்தையைத் தொடர்ந்து விஞ்ச இயலாது. எனவே முதலீட்டைப் பல பங்குகளில் பகிர்ந்து வைப்பது எம்முறையைப் பின்பற்றுவோருக்கும் தேவையாகிறது.