பற்சக்கரம் ஏன் கூச்சலிடுகிறது?

விளையாட்டு வண்டியில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. ரிமோட் கண்ட்ரோல் லாரி ஒன்றை விடுதி வராந்தாவில் ஓட்டிப் பாருங்கள். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவார்கள். அத்தனை இரைச்சல்! அவர்கள் கோபத்தைக் காட்டிலும் கவலைக்குரியது ஒன்றுண்டு. அவ்விரைச்சல் பற்கள் தேய்வதற்கும் அறிகுறியாக இருக்கலாம். ஆதலின், அதனை அமுக்க முயலுமுன் அது எங்கே பிறக்கிறது என்று காண்பதே முறை.

மோட்டாரின் அச்சில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் இருக்கிறது. அது ஸ்பர் என்னும் பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனுக்கு 16 பற்கள் என்றும், மோட்டார் நிமிடத்துக்கு 15,000 முறை சுற்றுகிறது என்றும் கொள்வோம். வினாடிக்கு 250 சுற்று. அதனை 16ஆல் பெருக்க 4,000. அஃதாவது, ஒரு வினாடியில் நாலாயிரம் முறை பல்லோடு பல் சேர்கிறது. மனிதச் செவி மிகக் கூர்மையாக உணர்வதும் வினாடிக்கு ஏறத்தாழ 2,000 முதல் 5,000 வரை அதிர்வுள்ள ஒலியைத்தான். காதைத் துளைப்பதன் காரணம் இதுவே.

ஒலியை அடியோடு ஒழிக்க இயலாது, பெரிதும் குறைக்கலாம். முதலில் கவனிக்க வேண்டியது இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள நெருக்கம். மிக நெருங்கினால் சக்கரங்கள் முனகும், மோட்டார் சூடேறும். மிக விலகினால் பற்கள் கடகடவென்று மோதும். திடீரென வேகம் கூட்டும்போது ஸ்பரின் பற்கள் சிதையும். இதற்கு எளிய வழி உண்டு. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை இரு சக்கரங்களுக்கும் நடுவே செருகுங்கள். மோட்டாரை மெல்ல அழுத்தித் திருகாணிகளை முடுக்குங்கள். பிறகு காகிதத்தை உருட்டி எடுத்துவிடுங்கள். ஸ்பரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எவ்விடத்திலும் இறுக்கம் இல்லாமல், சிறிதளவே ஆட்டம் இருந்தால் போதும்.

இரண்டாவது, பல்லின் அளவு. 48 பிட்ச் சக்கரமும் 0.6 மாட்யூல் சக்கரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். கணக்கிட்டால், 48 பிட்ச் என்பது ஏறத்தாழ 0.53 மாட்யூல்தான். இவ்விரண்டையும் இணைத்தால் எத்தனை திருத்தியும் இரைச்சல் அடங்காது. பற்களும் விரைவில் அழியும்.

மூன்றாவது, அச்சைத் தாங்கும் புஷ். அது தேய்ந்திருந்தால், சுமை ஏறியதும் அச்சு சாய்கிறது. நாம் அரும்பாடுபட்டு அமைத்த நெருக்கமும் மாறிவிடுகிறது. பால் பேரிங் பொருத்தினால் இக்குறை நீங்கும்.

கிரீஸ் தடவினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பலர் நம்பிக்கை. மூடிய கியர்ப்பெட்டிக்குள் அது நல்லதே. ஆனால் திறந்திருக்கும் ஸ்பரில் தடவினால், மண் துகள்கள் ஒட்டிக்கொண்டு அரம்போலப் பற்களை அராவும். ஓசை சில நாள் அடங்கியதுபோல் தோன்றும். உள்ளே அழிவு நடந்துகொண்டிருக்கும்.

வீணையில் குடம் நாதத்தைப் பெருக்குவதுபோல, லாரியின் குழிந்த மேற்கூடும் இரைச்சலைப் பெருக்குகிறது. உட்புறம் மெல்லிய நுரைப்பஞ்சு ஒட்டினால் ஒலி தணியும். ஆயினும் இதனைக் கடைசியில் செய்க. முதலிலேயே செய்தால், பழுது இருப்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

பெரிய மோட்டார் வண்டிகளிலும் கதை இதுதான். முன்செல்லும் கியர்களில் பற்களைச் சாய்வாக வெட்டுகிறார்கள். ஒரு பல் முழுதும் விலகுமுன் அடுத்த பல் மெல்லச் சேர்வதால் ஓசை குறைகிறது. பின்செல்லும் கியரில் பல வண்டிகளில் பற்கள் நேராகவே இருக்கும். பின்னுக்கு எடுக்கையில் எழும் ஊளை ஒலிக்கு அதுவே காரணம்.

ஆகவே, நண்பர்களே, இயந்திரம் கூச்சலிட்டால் உடனே அதன் வாயைப் பொத்த வேண்டாம். அது என்ன சொல்கிறது என்று சற்றே செவிகொடுத்துக் கேளுங்கள். திருகாணியும் ஒரு துண்டுக் காகிதமும் கையில் இருந்தால், பாதி வேலை முடிந்தது.