நிக்காஹ் தப்தரோடு வேலை முடிவதில்லை

பள்ளிவாசல் நிக்காஹ் தப்தரில் மஹரை எழுதி, மணமக்களும் வலியும் சாட்சிகளும் ஹஜ்ரத்தும் கையெழுத்திட்டதும் எல்லாம் முடிந்தது என்றே பலர் எண்ணுகிறார்கள். மார்க்கப்படி முடிந்தது உண்மைதான். ஆனால் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தாரின் திருமணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியச் சொல்கிறது. நிக்காஹ் நாளிலிருந்து 90 நாட்கள் அவகாசம். தவறினால், கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள். விருந்துகளிலேயே மூன்று மாதம் ஓடிவிடும். மாப்பிள்ளை வளைகுடாவுக்குத் திரும்புகிறவரென்றால் அவர் ஊரில் இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். பிறகு மனைவிக்கு விசா கேட்கும்போதும், கணவர் மவுத்தானால் பென்ஷன் கேட்கும்போதும் அந்தச் சான்றிதழைத்தான் தேடுவார்கள்.

ஜமாஅத் தரும் நிக்காஹ் சான்று, இருவரின் வயது, முகவரி ஆவணங்கள், புகைப்படங்கள், சாட்சிகள் வேண்டும். அதிகம் சிக்கல் தருவது பெயர்தான். தப்தரில் ‘ஆயிஷா’, ஆதாரில் ‘ஆயிஷா பேகம்’ என்றிருந்தால் அலைச்சல். நிக்காஹுக்கு முன்பே ஆவண நகல்களை ஹஜ்ரத்திடம் கொடுத்து, அதைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்ததா என்று அவர் சான்று கேட்டால் கோபப்படாதீர்கள்.