சரக்கு இறங்கிய இடத்திலேயே கணக்கு

1980களின் தொடக்கத்தில் ஃபோர்டு கார் கம்பெனியின் வட அமெரிக்கப் பிரிவில், சப்ளையர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்ய மட்டும் 500க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். குமாஸ்தாவின் மேசைக்கு மூன்று தாள்கள் வரும்: கொள்முதல் பிரிவின் ஆர்டர் நகல், சரக்கை இறக்கியவர்கள் தந்த சீட்டு, சப்ளையரின் பில். மூன்றிலும் 14 விவரங்கள் ஒத்துப்போனால்தான் பணம் போகும். ஒத்துப்போகாத தாள்களின் பின்னால் அலைவதிலேயே பொழுது கழிந்தது. கம்ப்யூட்டர் போட்டால் ஆட்களை 20 சதவீதம் குறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் ஜப்பானின் மஸ்தா கார் கம்பெனியில் அந்த வேலையை 5 பேரே பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. மஸ்தா சிறிய கம்பெனிதான், ஆனாலும் அத்தனை வித்தியாசத்துக்கு அது காரணமாகாது. அதனால் ஃபோர்டு பில்லையே எடுத்துவிட்டது. ஆர்டர் பொது டேட்டாபேஸில் ஏறும். சரக்கு இறங்கும் இடத்தில் இருப்பவர் திரையில் பார்த்து, சரியாக இருந்தால் வாங்கிக்கொள்வார், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார். காசோலையைக் கம்ப்யூட்டரே தயாரிக்கும். 14 விவரங்கள் 3 ஆயின. ஆள் தேவை 75 சதவீதம் குறைந்ததாக நிர்வாகவியல் அறிஞர் மைக்கேல் ஹேமர் 1990இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார். அந்த எண்ணுக்குள் மனிதர்களின் பிழைப்பும் இருக்கிறது. அவர்களுக்கு மாற்று வேலை தேடித் தருவதும் நிர்வாகத்தின் பொறுப்புதான்.

கணக்குப் பிரிவுக்கென்று மட்டும் ஒரு கம்ப்யூட்டர் குழு இருந்திருந்தால், தாள்களை வேகமாக ஒப்பிடும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கும். பில் தேவையா என்று கேட்க, ஆர்டர் முதல் பட்டுவாடா வரை ஒரே பார்வையில் பார்ப்பவர் வேண்டும். இன்றும் பல நிறுவனங்களில் ஐடி துறை சர்வர், நெட்வொர்க், டேட்டாபேஸ், மென்பொருள் என்று கருவிவாரியாகத்தான் பிரிந்திருக்கிறது. சரக்கு வந்தும் பதிவு ஏறவில்லை என்று ஸ்டோர்காரர் புகார் கொடுத்தால், நான்கு குழுவும் 'எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது' என்று சொல்லும். சொல்வது உண்மையாகவும் இருக்கும். லாரி வாசலிலேயே நிற்கும். வாங்குவது முதல் பணம் கொடுப்பது வரை ஒரு குழு, விற்பது முதல் வசூல் வரை ஒரு குழு என்று பிரித்தால், அந்த லாரிக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார்.

டேட்டாபேஸ் நிபுணர்களைக் குழுவுக்கு ஒருவராகப் பிரித்துவிட்டால் தொழில் நுணுக்கத்தை யாரிடம் கற்பார்கள், குழுவுக்கொரு மென்பொருள் வாங்கி ஒரே வாடிக்கையாளரை ஐந்து இடத்தில் பதியமாட்டார்களா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான பயம். அதனால்தான் நெட்வொர்க்கும் பாதுகாப்பும் அடிப்படைத் தரவும் பொதுவிலேயே இருக்க வேண்டும். நிபுணர்கள் தங்களுக்குள் தவறாமல் கூடிப் பேசவும் நேரம் ஒதுக்க வேண்டும். ஃபோர்டிலும் கொள்முதல்காரர் ஏற்றிய அதே ஆர்டரைத்தான் சரக்கு இறக்கியவரும் தன் திரையில் பார்த்தார்.