மோட்டார் மேல் விழுந்த பழி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த வாரத்தில் எங்கள் பள்ளியில் தண்ணீர் நின்றுபோனது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் சுவிட்சைப் போட்டதும், மின்பலகையில் இருந்த ஆர்.சி.சி.பி. 'டப்'பென்று கீழே விழுந்துவிடும். தூக்கி விட்டால் நிற்கும். மோட்டாரைப் போட்டால் மறுபடி விழும். மூன்றாம் நாள் மேல்நிலைத் தொட்டி காலி. கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால், மதிய இடைவேளையில் வீட்டுக்குப் போன எட்டாம் வகுப்பு மாணவிகள் நால்வர் திரும்பி வரவில்லை.

பார்க்க வந்த வயரிங் வேலைக்காரர் இரண்டு வழி சொன்னார். "மோட்டார்ல காயில் போயிருக்கும் சார். வெளியே எடுத்துப் பார்க்கணும். அவசரம்னா அந்த டப்பாவைக் கழட்டிட்டு லைனை நேரா கொடுத்துடறேன். இப்பவே ஓடும்."

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். "நேரா கொடுத்தா என்ன ஆகும் சார்? நீங்கதானே அறிவியல்?"

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் நடத்துகிற எனக்கு அது வெறும் பாடக் கேள்வியாக இல்லை. அந்த மோட்டார் தரும் தண்ணீரில்தான் பிள்ளைகள் வெறுங்காலோடு நின்று தட்டுக் கழுவுகிறார்கள்.

ஆர்.சி.சி.பி. செய்வது ஒரு கணக்குப் பார்க்கும் வேலை. பேஸ் கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் போகிறதோ அவ்வளவும் நியூட்ரல் கம்பி வழியே திரும்ப வேண்டும். இரண்டும் சமமாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். திரும்புவது குறைந்தால், குறைந்த மின்னோட்டம் வேறு வழியில் மண்ணுக்குப் போகிறது என்று பொருள். அந்த வழி ஈரச் சுவராக இருக்கலாம். ஒரு குழந்தையின் உடலாகவும் இருக்கலாம். வீடு, பள்ளிகளில் பொருத்தும் 30 மில்லி ஆம்பியர் வகை, வித்தியாசம் அந்த அளவை எட்டுவதற்குள் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

'எம்.சி.பி.தான் இருக்கிறதே' என்று பலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர், அதாவது 0.23 ஆம்பியர் பாயும். உயிரைப் பறிக்க அது போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது ஒரு சிறிய பல்பு எரிவதைப் போல, அசையாது. எம்.சி.பி. காப்பது கம்பியை, ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.

அமெரிக்காவில் இதே தத்துவத்தில் இயங்கும் கருவியை 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல். அந்த நாட்டு மின்விதிகள் அதை முதன்முதலில், 1968இல், கட்டாயமாக்கியது நீச்சல் குளத்தின் நீருக்கடி விளக்குகளுக்குத்தான். தண்ணீரும் மின்சாரமும் சந்திக்கும் இடத்தில்தான் முதல் காவல் தேவைப்பட்டது. நம் பள்ளியில் அந்த இடம் கை கழுவும் குழாயடி.

ஆகவே "டப்பாவைக் கழட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுவினர் ஊராட்சியிடம் பேசி ஒரு டிராக்டர் தண்ணீர் வரவழைத்தார்கள். உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் மறுநாள் வருவதாகச் சொன்னார். அவர் தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: "எப்பெப்ப விழுதுன்னு எழுதி வைங்க சார். பலகையைத் திறக்காதீங்க."

எழுதினேன். மூன்று மின்விசிறிகள் மட்டும் ஓடும்போது விழவில்லை. மோட்டார் போட்டதும் விழுந்தது. மோட்டாரின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, ஆசிரியர் அறைக் கெட்டிலைப் போட்டபோதும் விழுந்தது. அதே கெட்டில் என் வீட்டில் ஒழுங்காக வேலை செய்தது. அப்படியானால் கோளாறு மோட்டாரிலும் இல்லை, கெட்டிலிலும் இல்லை. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே: இரண்டும் ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுப்பவை.

மறுநாள் வந்தவர் குறிப்பைப் படித்ததும், "நியூட்ரல் எங்கேயோ எர்த்தைத் தொடுது சார்" என்றார். மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகு, நியூட்ரல் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தோடு வைத்து அளந்தார். மோட்டார் கம்பியில் கோளாறு இல்லை. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிக்குப் போகும் கம்பியில் முள் சில ஓம்களையே காட்டியது. குழாயடிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த அந்த இரும்புப் பெட்டியைத் திறந்தால், உள்ளே மழைநீர் இறங்கித் துரு. பெட்டியின் விளிம்பில் நியூட்ரல் கம்பியின் தோல் உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு வியப்பு. அந்தக் கருவி பழுதாகி இரண்டு மாதமாக ஓடவில்லை, அதன் எம்.சி.பி.யும் இறக்கியே இருந்தது. அவர் விளக்கினார்: ஒற்றை எம்.சி.பி. பேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் எப்போதும் மற்றக் கம்பிகளோடு சேர்ந்தே இருக்கும். எனவே மோட்டாரிலிருந்து திரும்பும் மின்னோட்டம் நியூட்ரல் இணைப்புக்கு வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி ஆர்.சி.சி.பி. வழியே போகிறது, ஒரு சிறு பங்கு உரிந்த கம்பி வழியே எர்த்துக்குப் போகிறது. அந்தப் பங்கு நூறில் ஒன்று என்று கொள்வோம். மின்விசிறிகளின் 1 ஆம்பியரில் அது 10 மில்லி ஆம்பியர்; ஆர்.சி.சி.பி. தாங்கும். மோட்டாரின் 6 ஆம்பியரில் 60 மில்லி ஆம்பியர், விழுந்துவிடும். மோட்டார் குற்றவாளி இல்லை. குற்றத்தை வெளியே காட்டிய சாட்சி.

கம்பியின் அந்தப் பகுதியை மாற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பெட்டியைக் குழாயிலிருந்து தள்ளி, உயரத்தில் பொருத்தினார். மோட்டார் ஓடியது. வெளியே எடுத்திருந்தால் வீண் செலவு. நேராகக் கொடுத்திருந்தால், பிறகு ஒருநாள் பேஸ் கம்பியும் அதே ஈரப் பெட்டியில் உரியும்போது தடுக்க எதுவும் இருந்திருக்காது.

உங்கள் பள்ளியில் இப்படி நேர்ந்தால், பலகையைத் திறக்காமலே நாம் கவனிக்கக் கூடியவை இவை:

1. ஒரு குறிப்பிட்ட சாதனத்தைச் செருகியதும் விழுந்தால், அந்தச் சாதனத்தைச் சந்தேகியுங்கள். அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

2. எந்தப் பெரிய சாதனத்தைப் போட்டாலும் விழுந்தால், நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறதா, வேறு சுற்றின் நியூட்ரலோடு கலந்திருக்கிறதா என்று மின்பணியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. மழை நாளில் மட்டும் விழுந்தால், வெளிச்சுவர்ப் பெட்டிகளையும் குழாயடியையும் முதலில் காட்டுங்கள்.

4. காரணம் தெரியும்வரை திரும்பத் திரும்பத் தூக்கி விடாதீர்கள். பிள்ளைகளை அந்த இடத்துக்கு விடாதீர்கள்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று குறித்த சிறிய பொத்தான் இருக்கும். அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மின்பணியாளரை அழைக்க வேண்டும். எங்கள் பள்ளியில் மாதத்தின் முதல் வேலைநாளில் நான் அதை அழுத்தி, பதிவேட்டில் கையெழுத்திடுகிறேன். அது எல்லா ஆபத்தையும் தடுக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்: ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால், போவதும் வருவதும் சமமாகவே இருக்கும், அதற்குத் தெரியாது.

இதை வகுப்பில் காட்ட வீட்டு மின்சாரம் வேண்டாம். இரண்டு மின்கலங்கள், ஒரு சிறு பல்பு, இரண்டு அம்மீட்டர்கள் போதும். பல்புக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அம்மீட்டரை இணைத்தால் இரண்டும் ஒரே அளவைக் காட்டும். பிறகு, பல்பைத் தாண்டிய முனையிலிருந்து மின்கலத்துக்கு இன்னொரு கம்பியால் தனி வழி கொடுங்கள். திரும்பும் அம்மீட்டரின் முள் இறங்கும். "மிச்சம் எங்கே போச்சு?" என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் அந்தக் கேள்விக்குக் கையைத் தூக்கியவர்களில், அன்று மதியம் வீட்டுக்குப் போய்த் திரும்பாத மாணவிகளில் ஒருத்தியும் இருந்தாள்.