தடிமன் மருந்தும் கருத்தடைக் குளிசையும்: சேர்த்து எடுக்கலாமா?



லண்டனில் முதல் குளிர்காலம் என்றால் தடிமன் வராத ஆளைக் காண்பது அரிது. ஒரு வீட்டில் நாலு குடும்பம் இருந்தால் ஒருவருக்கு வந்தது எல்லோருக்கும் வரும். மனோர் பார்க்கில் எங்களிடம் வரும் பெண்கள் ஹோம் ஒபிஸ் கடிதங்களைக் காட்டி முடித்துவிட்டு, போகும்போது கதவடியில் நின்று மெதுவாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அக்கா, நான் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை போடுறனான். தடிமனுக்கு மருந்து எடுக்கலாமோ?"

ஒரு தங்கச்சி இதைக் கேட்காமலே விட்டுவிட்டார். இரண்டு மருந்தும் ஒத்துவராது என்று யாரோ சொன்னதை நம்பி, தடிமன் மாறும்வரை ஒரு கிழமை கருத்தடைக் குளிசையை நிறுத்தினார். அடுத்த மாதம் அழுதுகொண்டு வந்தார். இருப்பது ஒற்றை அறை, ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள், வழக்கும் முடியவில்லை. தடிமன் மருந்து அவருக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. குளிசையை நிறுத்தியதுதான் பிழை.

சுருக்கமான பதில்

சேர்த்து எடுக்கலாம். பரசிட்டமோல் (ஊரில் நாங்கள் பனடோல் என்று சொல்வது), ஐபுபுரோபன், மூக்கடைப்புக் குளிசை, இருமல் பாணி, தும்மலுக்கு எடுக்கும் பிரிட்டன் போன்றவை கருத்தடைக் குளிசையின் வேலையைக் குறைக்கமாட்டா. மல்லித்தண்ணி, வேர்க்கொம்பு, இஞ்சித் தேநீரும் அப்படியே. ஆகவே கருத்தடைக் குளிசையை வழமையான நேரத்துக்குத் தொடர்ந்து போடுங்கள்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். லெம்சிப், பீச்சம்ஸ் போன்ற தடிமன் மருந்துகள் பலவற்றில் பரசிட்டமோல் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் குடித்துவிட்டுப் பனடோலும் போட்டால் அளவு கூடி ஈரலைப் பாதிக்கும். பெரியவர்களுக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை 8க்கு மேல் கூடாது. மற்றது, மூக்கடைப்பு மருந்துகள் இரத்த அழுத்தத்தைக் கூட்டலாம். உங்களுக்குப் பிரஷர் இருந்தால் பாமசியில் சொல்லிவிட்டே வாங்குங்கள். பிரஷர் உள்ளவர்களுக்குக் கலப்புக் குளிசையும் பொருந்தாது. ஊரில் மித்துரி எடுத்தவர்கள் எடுத்தது அந்த வகைதான்.

அன்ரிபயோட்டிக் தந்தால்?

2011க்கு முன் இங்கேயும் ஆணுறை பாவிக்கச் சொன்னார்கள். இப்போது சாதாரண அன்ரிபயோட்டிக்குக்கு அது தேவையில்லை. சத்தியோ வயிற்றோட்டமோ வந்தால் மட்டும் கவனம் வேண்டும்.

உண்மையில் குளிசையைக் கெடுப்பவை

முக்கியமானது ரிபாம்பிசின். இது காசநோய்க்குக் கொடுப்பது. எங்கள் நியூஹாம் பகுதி இங்கிலாந்தில் காசநோய் கூடிய இடங்களில் ஒன்று. புதிதாக வந்த சிலருக்கு இரத்தப் பரிசோதனை செய்து, வருத்தம் வெளிப்படாமலே இருந்தாலும் மூன்று மாதம் இந்த மருந்தைக் கொடுப்பார்கள். இதை எடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். இது ஈரலை வேகமாக வேலை செய்யவைத்து, கருத்தடைக் குளிசையில் உள்ள ஹோர்மோனை உடலிலிருந்து சீக்கிரம் அகற்றிவிடும். மருந்து முடிந்து 28 நாள்வரை இந்தப் பாதிப்பு இருக்கும். கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியும் இதனால் பலன் குறையும். டெப்போ ஊசியும் லூப்பும் பாதிக்கப்படுவதில்லை. காசநோய் மருந்தை நீங்களாக நிறுத்தவே வேண்டாம். கருத்தடை முறையை மாற்றித் தரும்படி நேர்ஸிடம் கேளுங்கள்.

வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், பெனிட்டொயின் போன்றவையும், மனச்சோர்வுக்கு என்று கடையில் விற்கும் சென் ஜோன்ஸ் வேர்ட் என்ற மூலிகைக் குளிசையும், சில எச்.ஐ.வி. மருந்துகளும் இப்படித்தான். இவற்றில் ஏதாவது எடுப்பவர்கள் கட்டாயம் டொக்டரிடம் சொல்லவேண்டும்.

சத்தி எடுத்தால், மறந்துபோனால்

- குளிசை போட்டு 3 மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் உடனே இன்னொன்று போடுங்கள்.
- சத்தியோ கடும் வயிற்றோட்டமோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் குளிசையைத் தொடருங்கள். ஆணுறையும் பாவியுங்கள். எத்தனை நாளுக்கு என்று பாமசியில் கேளுங்கள்.
- தடிமன் மருந்து நித்திரையைத் தரும், நேரம் தவறும். கலப்புக் குளிசை ஒன்று தவறினால் நினைவு வந்ததும் போடுங்கள், ஒரே நாளில் இரண்டு என்றாலும் பரவாயில்லை. இரண்டு அல்லது கூடத் தவறினால் கடைசியாகத் தவறியதைப் போட்டு, 7 நாள் ஆணுறை பாவியுங்கள்.
- பால் கொடுக்கும் தாய்மாருக்கும் கொடுக்கும் ஒற்றை ஹோர்மோன் குளிசைக்கு நேரம் இன்னும் முக்கியம். டெசோஜெஸ்ட்ரெல் வகை 12 மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் குளிசையைப் போட்டு, 2 நாள் ஆணுறை பாவியுங்கள். வேறு வகை என்றால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள்.

பிழை நடந்துவிட்டது என்று பயந்தால் காத்திருக்க வேண்டாம். அவசரக் குளிசை வகையைப் பொறுத்து 3 அல்லது 5 நாளுக்குள் எடுக்கவேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 2025 ஒக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் பல பாமசிகளில் இது இலவசம். காசநோய் மருந்து எடுப்பவர்கள் அதை முதலில் சொல்லுங்கள், அவர்களுக்குக் கொப்பர் லூப் நல்லது.

இது தடிமன் இல்லை

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுநோ, இருமும்போது இரத்தம், ஒரு காலின் கெண்டையில் வீக்கமும் நோவும்: கலப்புக் குளிசை எடுப்பவர்களுக்கு இது இரத்தக்கட்டியாக இருக்கலாம். நெஞ்சுநோ, மூச்சுத்திணறல், இரத்தம் என்றால் உடனே 999. கால் வீக்கம் மட்டும் என்றால் அன்றைக்கே 111. மூன்று கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் ஜி.பி.யிடம் போங்கள். காசநோய் வைத்தியம் எல்லோருக்கும் இலவசம்.

காசு, இரகசியம், மொழி

கருத்தடை இங்கே இலவசம். ஜி.பி.யில் பதிய விசாவோ முகவரிச் சான்றோ தேவையில்லை. 2023 டிசம்பரிலிருந்து பல பாமசிகளில், டொக்டரிடம் போகாமலே கருத்தடைக் குளிசையைத் தொடங்கலாம். நீங்கள் சொல்வதைக் கணவரிடமோ வீட்டுக்காரரிடமோ அவர்கள் சொல்லமாட்டார்கள். இதற்கும் உங்கள் வழக்குக்கும் தொடர்பில்லை. ஜி.பி.யிலும் 111இலும் "தமிழ் இன்ரப்ரிட்டர்" என்று கேளுங்கள், காசில்லை. பெண் வேண்டும் என்றும் கேட்கலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம்.

பாமசிக்குப் போகும்போது நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துப் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஆங்கிலம் வராவிட்டாலும் பெட்டிகள் பேசும். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: தெரியாததைக் கேட்பதில் வெட்கம் இல்லை. கதவடியில் நின்று கேட்கவேண்டாம், உள்ளே வந்து இருந்து கேளுங்கள்.