துறைமுக வாயிலும் திறந்த கரையும்

துறைமுகங்கள் சிலவற்றின் வாயிலில் 'பாதுகாப்பு நிலை 1' என்றொரு பலகை இருக்கும். கடந்து செல்வோர் அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

அமெரிக்கா மீதான 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், சர்வதேச கடல்சார் அமைப்பின் உறுப்பு நாடுகள் 2002 டிசம்பரில் ஒரு பாதுகாப்பு நெறிமுறையை ஏற்றன. 2004 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. அதன்படி, முதல் நிலை என்பது அன்றாடக் காவல். ஆபத்து கூடியிருந்தால் இரண்டாம் நிலை. தாக்குதல் நிகழக்கூடும் அல்லது நெருங்கிவிட்டது என்றால் மூன்றாம் நிலை. இலக்கு எதுவென்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. நிலையை நிர்ணயிப்பது கப்பல் தலைவர் அல்ல, அரசு. துறைமுகம் இரண்டாம் நிலையில் இருக்கும்போது, அங்கு வரும் கப்பல் முதல் நிலையில் இருக்க முடியாது.

நிலை உயர உயரச் செலவும் உயரும். சோதனைகள் பெருகும், சரக்குந்துகள் காத்துக் கிடக்கும், கப்பல் புறப்பாடு தாமதமாகும். மேல் நிலைகள் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று வகுத்திருப்பது அதனால்தான். ஆண்டு முழுவதும் நீடிக்கும் எச்சரிக்கையை எவரும் எச்சரிக்கையாகக் கொள்ள மாட்டார்கள்.

ஆனால், இந்த நெறிமுறை யாரைக் கட்டுப்படுத்துகிறது? சர்வதேசப் பயணம் மேற்கொள்ளும் பயணிகள் கப்பல்களையும், 500 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களையும், அவை வந்து செல்லும் துறைமுகங்களையும் மட்டுமே. மீன்பிடிப் படகுகள் இதில் அடங்கா.

2008 நவம்பர் 26 அன்று மும்பையில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். அப்போது நெறிமுறை அமலுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பயங்கரவாதிகள் பத்துப் பேரும் துறைமுக வாயில் வழியாக வரவில்லை. 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, பின்னர் ரப்பர் படகில் தென் மும்பையின் மீனவர் குடியிருப்பு அருகே கரையேறினார்கள். அவர்களைக் கண்டு, யார் நீங்கள் என்று கேட்டவர்கள் அங்கிருந்த மீனவர்களே. வேலையைப் பாருங்கள் என்பதாக இருந்தது பதில். அதன் பின் பறிபோன உயிர்கள் 166. 1993 குண்டுவெடிப்புகளுக்கான வெடிபொருள்களும் ராய்கட் மாவட்டக் கரையில் படகுகளில் வந்து இறங்கியவைதாம்.

2008-க்குப் பின் மீனவர்களுக்கு அடையாள அட்டை வந்தது; படகுகளுக்கு மாநிலவாரியாக வண்ணம் வந்தது; 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள படகுகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயமானது. ஆயினும், கரையை நிறைத்திருப்பவை சிறு படகுகள். அவற்றிடையே அந்நியப் படகை அடையாளம் காணும் திறன் மீனவரின் கண்ணுக்கே உண்டு.

தகவல் தர 1093 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. அழைப்புக்குத்தான் கட்டணமில்லை. தகவல் சொன்னவர் வலையைப் பாதியில் சுருட்டிக் கரை திரும்பி, விசாரணைக்குக் காத்திருந்தால், டீசலும் அன்றைய மீன்பாடும் அவருடைய நஷ்டம். பயனோ நகரம் முழுவதற்கும். செலவு ஒருவருக்கும் பயன் ஊருக்கும் என்றிருக்கும் எதுவும் தேவையான அளவு கிடைக்காது என்பதை, முதலாமாண்டு மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் கற்பித்திருக்கிறேன். அந்த இழப்பை ஈடுசெய்ய மாநில அரசுகள் ஒரு சிறு நிதியை ஒதுக்கலாம். துறைமுகம் ஒரு நாள் இரண்டாம் நிலையில் இருப்பதால் வணிகத்துக்கு ஏற்படும் செலவோடு ஒப்பிட்டால், அது மிகச் சொற்பத் தொகையாகவே இருக்கும்.